கண்ணாடியில் ஒட்டிய செம்மண்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாளா?

நேற்று இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. எங்கள் விமானப் பயிற்சி கிளப்பில் இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம் இருக்கிறது. அதில் குட்டிக்கரணம் போடக் கூடாது, இறக்கை தாங்காது. பைலட் இறங்கியதும் துடைக்கப் போனேன். காலடியில் கிடக்க வேண்டிய செம்மண் தலைக்கு மேலே கண்ணாடியில் ஒட்டியிருந்தது.

"தலைகீழாப் பறந்தீங்களா சார்?"

"சேச்சே! நேராப் போனேன், நேரா வந்தேன். பாரு, நோட்டுல 'எல்லாம் சரி'ன்னு எழுதிட்டேன். மெக்கானிக் கையெழுத்துதான் பாக்கி, போடு."

போடவில்லை. இறக்கை போல்ட்டுகளைக் கழற்றிப் பார்க்கிற வரைக்கும் யாரும் ஏற வேண்டாம் என்று சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். அவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். கவலைப்படாதீர்கள், நான் அதில் ஏறுவதில்லை.

என் பழைய ஸ்வெட்டரை அனுப்புங்கள். பார்சல் மேல் விலாசத்தை நீங்களே எழுதுங்கள்.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். மூன்று கடிதமாக உங்கள் பெயரில் 'எல்லாம் நலம்' என்றுதான் வருகிறது, ஆனால் அம்மாவின் கையெழுத்தில். உங்கள் வலது கைக்கு என்ன ஆயிற்று அப்பா?

உங்கள் மகன்