தலைக்குள் தைத்த சட்டை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். அம்மாவுக்கும் சேர்த்து அப்படியே எழுதி உறையை ஒட்டிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கை வரவில்லை.

"முதல் படத்துல எல்லாம் சரின்னா அப்புறம் எதுக்குப்பா இன்னொரு படம்?" என்று அம்மாவின் மறதிக்கு எடுக்கும் ஸ்கேனைப் பற்றிப் போனில் கேட்டாய். அம்மா பக்கத்தில் இருந்ததால் மழுப்பிவிட்டேன். ஒரு வகுப்பை நினைத்துக்கொள். முதல் ஸ்கேன் வருகைப் பதிவு மாதிரி, எல்லாப் பிள்ளைகளும் வந்திருக்கிறார்கள், மூளையில் கட்டியில்லை, அடைப்பில்லை. ஆனால் வாத்தியார் வெளியே போனதும் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பது பதிவில் தெரியாது. முன் பெஞ்சும் கடைசி பெஞ்சும் பேச்சை நிறுத்திவிட்டால் ஏதோ சரியில்லை என்றுதானே அர்த்தம். இரண்டாவது ஸ்கேன் அதைத்தான் பார்க்கிறதாம், மூளையின் எந்தப் பகுதி எதனோடு சேர்ந்து இயங்குகிறது என்று. அதற்கு ஒரு வேலையும் செய்யாமல், தூங்காமலும், சும்மா படுத்திருக்க வேண்டும்.

சும்மா இருக்கச் சொன்னால் உன் அம்மா இருப்பாளா. மெஷினிலிருந்து இறங்கியதும் ஸ்கேன் எடுத்த பெண்ணிடம், "நல்லாப் பொழுது போச்சும்மா, காலர்லேருந்து காஜா வரைக்கும் ஒரு சட்டையே தெச்சு முடிச்சிட்டேன்" என்றாள். அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டு, மனசுக்குள்ளேகூடத் தைக்கக் கூடாது, மறுபடி எடுக்கணும் என்று சொல்லிவிட்டாள். அதனால் மத்தியானங்களில் வீட்டில் பயிற்சி கொடுத்தேன், இரண்டு பேரும் கண்ணைத் திறந்துகொண்டு மல்லாந்து கிடப்போம். "வாத்தியாரே, இதுல பாஸானா என்ன தருவீங்க?" என்பாள். நானும் சிரிப்பேன். தையல் மெஷின் மேல் எதிர்வீட்டுப் பிள்ளையின் சட்டை கிடந்தது, இரண்டு கையும் இடது கை. அவளுக்குத் தெரியாமல் பிரித்து வைத்தேன். மறுநாளும் அப்படியேதான் தைத்திருந்தாள்.

இரண்டாம் முறை படம் தெளிவாக வந்தது. டாக்டர் பொறுமையானவர், திரையில் கலர் கலராகக் கோடுகளைக் காட்டினார். மறதி நோய் தொடங்கும் ஆட்களுக்குச் சில இடங்களில் தொடர்பு குறைந்திருக்குமாம், அம்மாவுக்கும் கொஞ்சம் குறைந்திருக்கிறதாம். "ஆனா சார், இதே மாதிரி குறைஞ்சும் நல்லா இருக்கறவங்க இருக்காங்க. நூறு பேர் படத்தைச் சேத்துப் பாத்தா வித்தியாசம் தெரியும், ஒருத்தர் படத்தை மட்டும் வெச்சு முடிவு சொல்ல முடியாது" என்றார். அடுத்த வருடம் எடுத்து ஒப்பிடலாமாம். காலமெல்லாம் சராசரிக் கணக்கு சொல்லிக்கொடுத்தவன் நான், வகுப்பின் சராசரியை வைத்து ஒரு பிள்ளை பாஸா பெயிலா என்று சொல்ல முடியாது, எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய. அதுவரை நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன், நடக்கச் சொல்லுங்க, நல்லாத் தூங்கட்டும் என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா, "எனக்கு என்னவாம்?" என்றாள். அவங்களுக்கே தெரியலையாம் என்றேன். "உங்களுக்குமா?" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

லீவு போட்டு ஓடி வராதே, வந்தாலும் பார்த்துக்கொண்டு உட்காரத்தான் முடியும், அதை இப்போது நான் செய்கிறேன். ஒன்று மட்டும். தினமும் போனில் அவளிடம் என்ன கிழமை, காலையில் என்ன சாப்பிட்டே என்று கேட்கிறாய். அக்கறைதான், எனக்குத் தெரியாதா. ஆனால் நீ கூப்பிடும் நேரம் நெருங்கினால் அவள் காலண்டர் முன்னால் நின்று உதட்டை அசைத்து மனப்பாடம் செய்கிறாள். போனை வைத்ததும், "இன்னிக்கு எத்தனை மார்க் போட்டா உங்க பொண்ணு?" என்று என்னைக் கேட்கிறாள்.

இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் துணையாக நன்றாக இருங்கள். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. நாளைக்கு அம்மா பேசும்போது நடுவில் ஒரு வார்த்தைக்காக நின்றால், நீ எடுத்துக்கொடுக்காதே. அவளே சொல்லும் வரை பேசாமல் காத்திரு.

என்றும் உன் நினைவாக,
அப்பா