தாங்கி என்பதே அதன் பெயர்

திருவள்ளுவர் ஆண்டு 2098, தை 12
மன்னார் வளைகுடா, கடலடி ஆய்வுக்கூடம்
பதிவு: பொழிலன்

காலை 7.00

இப்பதிவைக் கண்டெடுக்கும் பெருமக்களே, ஆய்வுலகச் சான்றோரே, வணக்கம். காற்றழுத்தம் சீர். வெப்பம் சீர். நீதி ஒன்றுதான் சீர்கெட்டுக் கிடக்கிறது.

காற்றே புகாத கடற்சேற்றில் வாழும் புழுவிலிருந்து அந்தப் புரதத்தைப் பிரித்தவன் நான். உயிர்வளி அற்றுப்போனால், உயிரணுவுக்குள் எரியும் இழைமணி எனும் சிற்றுலை வீங்கி உடையும். உடைந்த உலையின் நஞ்சே உயிரணுவைக் கொல்லும். இப்புரதமோ உலைச்சுவரைப் பற்றி நின்று, தீயைத் தணித்து, காற்று திரும்பும்வரை தாங்குகிறது. ஆகவே 'தாங்கி' எனப் பெயரிட்டேன். என் உடனாய்வாளர் வெண்ணி அதனை ஆய்வுப் பேரவையில் விளக்கினார். தலைவர் மகிழ்ந்துபோய் 'வெண்ணியம்' என்று பெயர் சூட்டினார். வெண்ணி மறுக்கவில்லை. அவை எழுந்து நின்று கைதட்டியது. நானும் தட்டினேன். உள்ளங்கை இன்னும் எரிகிறது.

காலை 9.40

ஏதோ கப்பலின் நங்கூரம் இழுத்து எங்கள் காற்றுக்குழாய் அறுந்தது. மேலே நிற்கும் எம் கலத்தின் தலைவர் மச்சாது:

"அண்ணாச்சி, கொழா அறுந்துட்டு. கடலும் கொந்தளிக்கி. ஒங்களத் தூக்குத கூண்ட எறக்கப் பொழுது சாஞ்சிரும். ஆக்சிஜன் எம்புட்டு கெடக்கு?"

இங்கே எனக்கும் வெண்ணிக்குமாக நண்பகல் வரை. ஒருவர் மட்டும் மூச்சுவிட்டாலும் மாலையை எட்டாது. புரத ஊசி ஒன்றே உள்ளது.

முற்பகல் 10.30

மனித உடலில் இது இன்னும் செலுத்தப்படவில்லை. செலுத்திக்கொள்பவர் உறங்குவார், விழித்திருப்பவர் பதிவு செய்வார். மனிதரிடம் மெய்ப்பித்துப் பதிந்தவரே நிலைத்த பெயரைச் சூட்டலாம் என்பது பேரவை விதி. ஊசியை வெண்ணியிடம் நீட்டினேன். அவர் பேசுகருவியில் மேலே முறையிட்டார்:

"மச்சாதண்ணே, கூத்தக் கேட்டீகளா? ஊசிய எங் கையில திணிக்காரு. நான் தூங்குனாத்தான் இவரு பேரெழுத முடியுமாம். சாவப்போற நேரத்துலயும் பொறாம போகல இந்த மனுசனுக்கு."

"போட்டுக்கிடும்மா. சண்டைய மேல வந்து வச்சுக்கிடலாம்."

சிரித்துக்கொண்டேதான் சட்டைக்கையை மடித்தார். ஊசி இறங்கியபின் என் கையை விடவில்லை. நான்தான் விடுவித்துக்கொண்டேன்; எழுத வேண்டியிருந்தது.

இதனை ஈகம் என்று எவரும் மேடையில் முழங்க வேண்டா. இது அழுக்காறு. கலப்பற்ற அழுக்காறு.

பிற்பகல் 1.15

வெண்ணி உறங்குகிறார். மூச்சு மிக அரிதாகவே வருகிறது. இருவர் குருதித் துளிகளையும் காற்றில்லாக் கண்ணாடியில் இட்டு நோக்கினேன். என் வெள்ளணுக்களில் உலைகள் வீங்கி உடைந்தன. அவருடையவை அசையாமல் நிற்கின்றன. நான் பெற்ற பிள்ளை அவர் வீட்டில் காவல் நிற்கிறது. என் வீட்டை அதற்குத் தெரியாது. பொறாமைப்பட இன்னொன்று கிடைத்தது.

"அண்ணாச்சி, எதாவது பேசிக்கிட்டே இருங்க. உறங்கிராதீங்க."

"பேச்சுக்கா எனக்குப் பஞ்சம், மச்சாது? கேட்க ஆள்தான் பஞ்சம்."

பிற்பகல் 3, அல்லது 4

விரல்கள் நீலம். வரிகள் இரண்டிரண்டாய்த் தெரிகின்றன. வெண்ணியின் முகம் மட்டும் தெளிவு. நாளை அவருக்கு மேடை. பூமாலை. எழுந்து நிற்பார்கள். அவர் என்ன சொல்வார்? என் பெயரைச் சொல்வாரா. தாங்கி என்று சொல்லட்டும். ஒரு முறை போதும்.

நேரம் தெரியவில்லை

பெருமக்களே

மேலே இரும்பு உரசும் ஓசை. கூண்டாக இருக்கலாம். என் செவியாகவும் இருக்கலாம்.

முடிவு பதிகிறேன். வெண்ணியம் வேலை செய்கிறது. வெண்ணியம் மனிதரைத் தாங்கும். ஐயமில்லை. வெண்ணியம்

காற்றைச் சிறுகச் சிறுகக் கொடுங்கள். ஒரேயடியாய்க் கொடுத்தால் உலை உடையும்

என்னைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். இடப்புறக் கட்டில். முதலில் அவர்

கதவைத் திறவுங்கள். இப்போதே திற