நான் சொல்ல மறுத்த நம்பர்

அக்கா, வீடு முழுக்க நிலவேம்புக் கஷாய வாசனை. மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறாள், குடித்துவிட்டு என்னைத் திட்டுகிறாள். திட்டட்டும். அதற்காவது தெம்பு வந்ததே என்று எனக்குப் போன உயிர் திரும்பியிருக்கிறது. நீங்கள் போய் இரண்டு வருஷமாகிறது, இதைப் படிக்கப் போவதில்லை. ஆனாலும் உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

கோலார் தங்கவயல் மாரிகுப்பத்தில் விடியற்காலை ரயிலேறி, பெங்களூர் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போய்வந்த பதினெட்டு வருஷமும் நாம் ஒரே பெட்டி. சாயங்காலம் வண்டி கிளம்புவதற்கு முன்னால் நீங்கள் "ஒண்ணு" என்று ஆரம்பிப்பீர்கள். நம் லைன் வீட்டுப் பெண்கள் வரிசையாக அவரவர் நம்பரைச் சொல்ல வேண்டும். சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து, கேஜ் லிஃப்டில் மேலே ஏறுமுன் உங்கள் அப்பா செட்டு ஆட்கள் அப்படித்தான் எண்ணிக்கொள்வார்களாம். மைன்ஸ் மூடி, ஷாஃப்டெல்லாம் தண்ணீர் நின்ற பிறகும் நீங்கள் அதை விடவில்லை. முதல் நாளே எனக்கு ஏழாம் நம்பர் கொடுத்தீர்கள்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. என் அப்பாவைச் சுரங்கக் கம்பெனியில் ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, நம்பர்தான். வெள்ளைக்காரன் ஆரம்பித்து வைத்தது, அவன் போன பிறகும் போகவில்லை. அவமானம் அப்பாவோடு ஒழிந்தது என்றிருந்தேன். "நா இன்னா மைன்ஸ் கூலியாக்கா?" என்று எல்லார் எதிரிலும் கேட்டுவிட்டேன்.

நீங்கள் கோபப்படவில்லை. டிபன் டப்பாவை மூடிக்கொண்டே சொன்னீர்கள்: "கம்பெனிக்கு அது கூலி நம்பருடி. நம்ம ஆளுங்களுக்கு, கீழ எவனாவது நின்னுட்டானான்னு பாக்கற நம்பரு."

என் மண்டையில் ஏறவில்லை. நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். தினமும் எண்ண ஆரம்பித்ததும் எழுந்துபோய் அந்தக் கோடிக் கதவருகே நின்றுகொள்வேன். ஸ்டேஷன் இரைச்சலில் எண்ணுவது அங்கே காதில் விழாது; ஏழாம் நம்பரைத் தாண்டிப் போய்விடுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

முழங்கால் வலியால் நான் வேலையை விட்டேன். மகள் பெங்களூரில் ஒரு ஆபீசில் சேர்ந்து, அதே பெட்டியில் ஏறினாள். அவளுக்குப் பதினாலாம் நம்பர். சொல்லாதே, அது நமக்குக் கேவலம் என்று நானே அவளிடம் சொன்னேன். அவள் கேட்டால்தானே!

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெங்களூரில் வண்டி கிளம்புமுன் எண்ணும்போது, பதின்மூணுக்கு அப்புறம் சத்தமில்லை. போன் அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். வண்டி நகர்வதற்குள் பெட்டியிலிருந்த சாந்தியும் இன்னொருத்தியும் குதித்து இறங்கித் தேடியிருக்கிறார்கள். பிளாட்பாரக் கடைசியில், தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால், ஜுரத்தில் நினைவில்லாமல் கிடந்தாளாம். டெங்கு. நல்லவேளை, சீக்கிரம் கொண்டுவந்தீர்கள் என்றாராம் டாக்டர். நான்கு நாள் ஆஸ்பத்திரியில் அவள் கட்டில் பக்கத்தில் நான் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் சாந்தி பார்க்க வந்தாள். உங்கள் எதிர்சீட்டில் எப்போதும் வாயாடிக்கொண்டு வருவாளே, அதே சாந்திதான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என் பெண் தினமும் நம்பர் சொன்னதால் பிழைத்தாள், என் பேச்சைக் கேட்டிருந்தால் யார் தேடியிருப்பார்கள், நான் ஒருநாள்கூட நம்பர் சொன்னவளில்லையே என்றேன்.

"நீ சொல்லாட்டி இன்னா?" என்றாள் சாந்தி. "ஆறு ஆனதும் அக்கா எட்டி கதவாண்ட பாக்கும். நீ நிக்கறியான்னு பாத்துட்டு, அதுவே ஏழுன்னு சொல்லும். பதினெட்டு வருஷமும் ஒருநாள்கூட உடல."

இப்போதுதான் புரிகிறது, அக்கா. கம்பெனி கழுத்தில் மாட்டியதை நம் ஆட்கள் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொள்ள எடுத்து வைத்திருக்கிறார்கள். பெங்களூர் ஆபீசில் கம்ப்யூட்டர் தட்டுகிற பெண் வரைக்கும் அது வந்து சேர்ந்திருக்கிறது. நான் அவமானத்தை மட்டும் சுமந்துகொண்டு திரிந்தேன். அதை இப்போது இறக்கி வைத்துவிட்டேன், லேசாக இருக்கிறது. நீங்கள் எனக்காகச் சொன்னதை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

இனி நீங்கள் எட்டிப் பார்க்க வேண்டாம். நானே சொல்கிறேன்.

ஏழு.