மெக்சிக்கோக்காரருக்குப் பாயாசம்

மாசி 11, 1986. இக்காஸ்ட், டென்மார்க்.
ஆலையில் இன்று பின்னல் மெசின் நின்றுவிட்டது. மெக்கானிக் வரும்வரை ஒரு நூல் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுத் தாளம் தட்டிக்கொண்டிருந்தேன். சாயப் பகுதியிலிருந்து ஒரு நடுவயதுக்காரர் வந்தார். முழங்கைவரை நீலம். வெள்ளைக்காரன் திட்டப்போகிறான் என்று நினைத்தேன். "நிறுத்தாதே" என்றார் இங்கிலீசில்.

பெயர் எலிசேயோ. அமெரிக்காவின் டெக்ஸாஸ். அங்கேயே பிறந்த மெக்சிக்கோ வழிக்காரரை டெஹானோ என்பார்களாம். அக்கோடியன் என்ற துருத்திப் பெட்டி வாசிப்பவர், இசைத்தட்டெல்லாம் போட்டவர். டென்மார்க் பெண்ணைக் கட்டி இங்கே வந்து சாயம் கலக்குகிறார். அவருடைய பாண்டுக்கு டிரம் அடிக்க ஆளில்லை. எனக்கும் சனி ஞாயிறில் சுவரைப் பார்ப்பதைவிட வேறு வேலை இல்லை.

மாசி 23
அவர் வீட்டில் பாட்டுப் பழகினோம். அவருடைய பாட்டுகளில் பாதி பொல்கா, ஐரோப்பியக் கிராமத்துத் துள்ளாட்ட மெட்டு. டெக்ஸாசுக்குக் குடிவந்த ஜெர்மன்காரர்களிடம் வாங்கியதாம்.

"இந்தக் கையை எங்கே பழக்கினாய்?"

சாவீட்டில் என்றேன். அப்பா இன்னாசித்தம்பி ஊரில் சாவீட்டு மேளம் அடிப்பவர். செத்தால் அவரைக் கூப்பிடாத வீடில்லை. உள்ளே விட்ட வீடும் இல்லை.

அவர் ஊரிலும் காசுள்ள மெக்சிக்கோக்காரர் அக்கோடியன் சத்தம் கேட்டால் கதவைச் சாத்துவார்களாம். பருத்தி பொறுக்குகிறவன் பெட்டியாம் அது. ஆக, இந்த நோய் எங்கள் ஊரில் மட்டும் இல்லை. இதற்குச் சந்தோசப்படுவதா?

பங்குனி 15
ஒரு மெக்சிக்கோ உணவகத்தில் முதல் கச்சேரி. முதலாளி ஆளுக்கொரு குடை அகலத் தொப்பி தந்தார். "தொப்பி இல்லாவிட்டால் மெக்சிக்கோ என்று எப்படித் தெரியும்?" எலிசேயோ வாழ்நாளில் மெக்சிக்கோவில் ஒரு கிழமைகூட இருந்ததில்லை. அவருடைய நிறத்தைப் பார்த்து யாரும் நம்பவுமில்லை. என்னை எல்லோரும் நம்பினார்கள். ஒரு அம்மா என்னோடு நின்று படம் எடுத்தார். உன் ஊர் வெயிலா என்று கேட்டார். நல்ல வெயில் என்றேன். ஒரு பொய்யும் சொல்லவில்லை.

சித்திரை 6
சிறீஸ்கந்தராசாவுக்குக் கலியாணம். என்னோடு ஒரே மெசினில் நிற்பவன், ஒரே அறையில் கிடப்பவன். "மச்சான், டோஸ்ட்ருப்பிலை வைகாசியிலை. நீங்கள்தான் வாசிக்கோணும்." எனக்கு வாயெல்லாம் பல்.

சித்திரை 20
அவனுடைய தாய்மாமன் குலேந்திரன் தலைநகருக்குப் பக்கத்து டோஸ்ட்ருப்பிலிருந்து சிறீக்குப் போன் எடுத்தார், சத்தம் எனக்கும் கேட்டது. கலியாணத்தை நடத்துகிறவர் அவர்தான். என்னைக் கண்டதில்லை, ஆனால் விசாரித்திருக்கிறார். அமெரிக்கன் வரட்டுமாம். "சாவீட்டு மேளகாரன்ரை பெடியன்ரை கை என்ரை மருமோன்ரை கலியாணத்திலை படக்கூடாது." சிறீ ஓம் மாமா, ஓம் மாமா என்று சொல்லி வைத்தான்.

"நான் என்ன செய்யிறது மச்சான்?"

நீ ஒன்றும் செய்யாதை. என்ரை கோப்பையிலை தேத்தண்ணி குடி, என்ரை சேட்டு எடுத்துப் போடு. மாமாவுக்கு மட்டும் ஓம் சொல்லு. — சொல்லவில்லை. எழுதுகிறேன்.

சித்திரை 22
எலிசேயோவிடம் சொன்னேன். அவர் தன் கதையைச் சொன்னார். இருபது வயதில் கம்பனிக்காரன் இவருக்கு எடி என்று பெயர் வைத்து இங்கிலீசில் பாட விட்டான். ரேடியோவில் ஓடியது. மெக்சிக்கோக்காரரை உள்ளே விடாத ஒரு மண்டபத்தில் எடி பாடினார். அவருடைய தகப்பன் வெளியே லொறிக்குள் இருந்து கேட்டார். அதோடு எடியை விட்டுவிட்டு அக்கோடியனைத் தூக்கினார். கம்பனி அவரை விட்டது.

பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதிரையில் கிடந்த தொப்பியைப் பார்த்தோம்.

அவர் ஒரு நிபந்தனை வைத்தார். "கலியாண வீட்டுக்குள் தொப்பியோடு போ. கழற்றாமல் வெளியே வந்தால் வேறு டிரம்காரனைத் தேடுவேன்."

வைகாசி 17
ஒட்டுமீசை வாங்கியாகிவிட்டது. சிறீக்குச் சொல்லவில்லை.

வைகாசி 24. டோஸ்ட்ருப்.
வாசலில் குலேந்திரன் கைகூப்பினார். "வெல்கம், வெல்கம்." எலிசேயோ என்னை மெக்சிக்கோவிலிருந்து வந்த தன் ஒன்றுவிட்ட தம்பி என்றார். மணவறையிலிருந்து சிறீ பார்த்தான். ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல இவன் தோள் குலுங்கியது. ஆனந்தக் கண்ணீர் என்று பெண்வீட்டார் நினைத்திருப்பார்கள்.

தாலி கட்டி முடிய வாசித்தோம். அப்பாவின் அடியைக் கொஞ்சம் விரட்டினால் டெக்ஸாஸ் வந்துவிடுகிறது. பெடியள் ஆடினார்கள். குலேந்திரனே காலால் தாளம் போட்டார்.

சாப்பாட்டுக்கு முதல் பந்தி, நடு இடம். குலேந்திரன் தன் கையால் பரிமாறினார். முள்ளுக்கரண்டியை ஒதுக்கிவிட்டுக் கத்தரிக்காயைக் குழைத்து அடித்தேன். "பாத்தீங்களே, மெக்சிக்கோக்காரர் எவ்வளவு வடிவாக் கையாலை சாப்பிடுறார். எங்கடையள் கரண்டி கேக்குதுகள்."

எலிசேயோ என் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்படியே எழும்பிப் போனால் என்ன? மரியாதை ருசியாக இருந்தது. அதுதான் எரிச்சல்.

கழற்றினேன். மீசையையும்.

"அண்ணை, பாயாசம் இன்னும் கொஞ்சம் விடுங்கோ. நான் அந்தோனிதாசன். மேளகார இன்னாசித்தம்பியின்ரை மகன்."

அகப்பை அந்தரத்தில் நின்றது. ஊற்றினால் எனக்கு ஊற்றியதாகிவிடும். ஊற்றாவிட்டால் இவ்வளவு நேரமும் ஊற்றியது யாருக்கு? பந்தி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ஊற்றினார். அரை அகப்பை.

சிறீ இப்போது சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். மாமாவைவிட அது ஏன் எனக்கு இப்படி உறைக்கிறது?

ஆனி 8
மணமக்களுக்கு இக்காஸ்டிலேயே வீடு கிடைத்துவிட்டது. அறையில் நான் மட்டும். மெசினில் சிறீ நூலைத்தான் பார்க்கிறான். கலியாணத்தில் தொப்பியோடு எடுத்த என் படத்தைக் குலேந்திரன் வரவேற்பறையில் மாட்டியிருக்கிறாராம். மெக்சிக்கோக்காரன் தமிழும் பழகியிருக்கிறான் என்று வருகிறவர்களுக்குச் சொல்கிறாராம். பந்தியில் இருந்தவர்களுக்குக்கூட.

ஆடி 2
உணவக முதலாளியிடம் இனித் தொப்பி இல்லை என்று எலிசேயோ சொன்னார். இனி நீங்களும் இல்லை என்றார் முதலாளி. தொப்பிகளில் ஒன்று எங்களிடமே தங்கிவிட்டது. எலிசேயோ வீட்டுப் பூனை அதற்குள் படுக்கிறது.

ஆவணி 16
ஊருக்கு வெளியே ஒரு கிராம மண்டபத்தில் ஆட்டம். சுவரொட்டியில் எலிசேயோ, அந்தோனிதாசன் — இரண்டு பெயரும் ஒரே அளவு எழுத்து. டென்மார்க் கமக்காரருக்குப் பொல்காவைப் பற்றி யாரும் விளக்கத் தேவையில்லை. முதல் பாட்டிலேயே தரை அதிர்ந்தது. எலிசேயோ கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார்.

இடைவேளையில் பார்த்தால் வாசலில் சிறீ, பக்கத்தில் மனைவி சுசீலாதேவி. அவன் டிரம்மைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள்தான் சொன்னாள்.

"போன ஞாயிறு மாமா வீட்டிலை ஆக்கள் இருக்கேக்கை திருப்பியும் மெக்சிக்கோக் கதை துவங்கினவர். இவர் எழும்பி நிண்டு, மாமா, அது என்ரை சிநேகிதன் அந்தோனிதாசன், இன்னாசித்தம்பி அண்ணையின்ரை மகன் எண்டு சொன்னவர்."

"மாமா என்ன சொன்னவர்?"

"ரீ.வி. சத்தத்தைக் கூட்டினவர்."

முடிந்து சாமான் ஏற்றும்போது பெரிய டிரம்மைத் தோளில் தூக்கிக்கொண்டு காருக்கு நடந்தது சிறீ.

"கவனம், பாரம்" என்றேன்.

"தெரியும். கத்தாதை" என்றான்.