அரசியாருக்காகக் காய்ச்சிய கோதுமை மது குறித்து வெண்கதிர் நாட்டுக்கு விடுத்த ஓலை

பனி பெய்தாலும் பயிர் பொய்க்காத வெண்கதிர் நாட்டின் காவலரும், வடகுன்றங்களின் உரிமையாளரும், எங்கள் அரசியார் எழினங்கையாரைப் பெற்ற பேற்றினருமாகிய நெடுவேட்டனார் திருமுன்புக்கு, நீர்மலை நாட்டு மன்னர் வேள்நம்பியின் அமைச்சன் அம்பலக்கூத்தன் பணிந்து எழுதும் ஓலை. தங்கள் களங்கள் நிறைக. தங்கள் குதிரைகள் கொழுக்க. தங்கள் முழங்கால் வலி இவ்வாண்டேனும் தணிக.

முதற்கண், தங்கள் தூதர் மழவரையர் நலமாக இருக்கிறார். அவர் தாடியிலிருந்த நுரையைக் கழுவியாயிற்று. நேற்று எங்கள் அவையில், அவர் இருக்கைக்கு அருகே, மதுச்சாடிகள் வரிசையாக வெடித்தது போருக்கான அறிகுறி அன்று. அடியேன் செய்த வேலை. அரண்மனைக்குள் வரும் எப்பொருளையும் அன்றே வாய்கட்டி, அரக்கிட்டு, அரச முத்திரை பொறிக்க வேண்டும் என்பது எங்கள் மரபு. நெய்க்கும் தேனுக்கும் அது பொருந்தியது. நுரைத்துக்கொண்டிருந்த மதுவுக்கும் பொருந்தும் என்று அடியேன் நம்பினேன். மது நம்பவில்லை. மூச்சுவிடும் பொருளின் வாயைக் கட்டினால் அது வேறு வழி பார்க்கும் என்பதைத் தூதர் தம் தாடியைப் பிழிந்துகொண்டே விளக்கினார்.

இம்மது எதற்கு என்று தாங்கள் வினவுவது முறையே. மகள் சரியாக உண்பதில்லை என்று கேள்விப்பட்டதாகவும், அறுவடைக்குள் அவர் முகம் தெளியாவிடில் பல்லக்கு அனுப்பி அழைத்துக்கொள்வதாகவும் தாங்கள் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த எங்கள் மன்னர் எழுந்து போய், வெகுநேரம் யானைக்கொட்டிலில் நின்றார். வரியும் வாய்க்காலும் படையும் பற்றி அடியேன் அவருக்கு நிறையச் சொல்லியிருக்கிறேன். புதிதாக வந்த மனைவியிடம் என்ன பேசுவது என்று மட்டும் சொல்லித் தரவில்லை, தெரிந்தால்தானே சொல்வதற்கு.

அந்நேரத்தில்தான், வெண்கதிர் நாட்டில் வீட்டுக்கு வீடு கோதுமை மது காய்ச்சுவார்கள் என்று தூதர் பேச்சுவாக்கில் கூறினார். பிறந்த வீட்டின் சுவை நாவில் பட்டால் அரசியார் தேறுவார் என்று அடியேனுக்குத் தோன்றியது. அடியேனுக்குத் தோன்றுபவை எல்லாம் தொடக்கத்தில் இப்படி அழகாகத்தான் இருக்கும்.

கோதுமையை நனைத்து, முளைகட்டி, உலர்த்தி, இடித்தோம். கைபொறுக்கும் சூட்டு நீரில் அதை ஊறவைக்க வேண்டும் என்றார் தூதர். யார் கை என்று அவர் சொல்லவில்லை. எழுத்தாணி மட்டுமே பிடித்த அடியேன் கை வெதுவெதுப்புக்கே துள்ளியது. மடைப்பள்ளித் தலைவி காளிநங்கையின் கையோ ஆவி பறக்கும் நீரிலும் அசையவில்லை. அவள் அடியேனைப் பார்த்து, "உங்க கைக்கு ஊறவச்சா பச்சத்தண்ணி, என் கைக்கு ஊறவச்சா களி. எது வேணும்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் போங்கய்யா, வேல கெடக்கு" என்றாள். இறுதியில் படைத்தலைவரை வரவழைத்து அவர் கையை நடுநிலையாகக் கொண்டோம்.

பிறகு கசப்புக்குரிய கொடிப்பூ. தாங்கள் திருமணச் சீரோடு அனுப்பிய மூட்டையில் இருந்தது அதுவே என்பது அப்போதுதான் விளங்கியது. பூ என்றதும் எங்கள் நாட்டார் அதைத் தொடுத்து மண்டபத்துக்குத் தோரணம் கட்டிவிட்டிருந்தனர். தோரணத்தை அவிழ்த்து, கோதுமை ஊறலை வடித்துக் கொதிக்கவைத்த சாற்றில் இட்டோம். எவ்வளவு இடுவது என்று கேட்டதற்கு, நாக்கே சொல்லும் என்றார் தூதர். அடியேன் நாக்கு அன்று முழுவதும் எதையும் சொல்லும் நிலையில் இல்லை. சாறு ஆறியபின் தூதரின் பயணக் குடுவையிலிருந்த பழைய மதுவின் அடிமண்டியைக் கலந்ததும், உயிர் வந்ததுபோல் நுரைத்து எழுந்தது. அதன்பின் நடந்ததை மேலே கூறினேன்.

அரக்கு சரியாகப் பிடிக்காத ஒரு சாடி மட்டும் தப்பியது. வைக்கோல் நிறம், மெல்லிய மூட்டம். அது நன்றாக இருக்கிறதா என்பதை அறிய அடியேன் பட்ட பாடு பெரிது. பித்தத்துக்கு ஆகும், வாதத்துக்கு ஆகாது, ஆள் மாறினால் அதுவும் மாறும் என்றார் மருத்துவர். மன்னர் அருந்தியபின் தம் கருத்தைச் சொல்வதாகக் கூறினார் படைத்தலைவர். தங்கள் தூதரோ நெடுநேரம் சுவைத்துவிட்டு, தம் நாட்டிலும் மது உண்டு என்றார். அது புகழ்ச்சியா, இரங்கலா என்று அடியேனுக்கு இன்னும் விளங்கவில்லை.

ஆகவே இன்று முற்பகல் அச்சாடியுடன் அரசியாரிடமே சென்றேன். எங்கள் அரசியர் திரைக்குப் பின்னே தனித்து உண்பர். உணவை வைத்தவர் உடனே விலகிவிடுவார். அதுவே இங்கு மரியாதை. அடியேன் திரைக்கு வெளியே நின்று, மது எப்படி என்று வினவினேன். அரசியார் ஒரு மிடறு அருந்தினார். பிறகு தம் கையாலேயே திரையை விலக்கினார். அவர் சொன்னதை அவை நடைக்கு மாற்றாமல் சொன்னபடியே எழுதுகிறேன்.

"இது எங்க அப்பாவுக்குத்தான் பிடிக்கும். எனக்கு இந்தக் கசப்பு எப்பவுமே ஆகாது. எதுக்கு இவ்வளவு பாடு? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அமைச்சரே. எங்க வீட்டுல அடுப்பச் சுத்தி அத்தனை பேரும் உக்காருவோம். ஒருத்தர் தட்டுல ஒருத்தர் எடுப்போம், சண்டை போடுவோம். இங்க சோத்த வச்சதும் எல்லாரும் என்னமோ பாம்பக் கண்ட மாதிரி ஓடிர்றீங்க. தனியா உக்காந்தா எனக்கு இறங்கல. அவ்வளவுதான்."

அடியேன் துணிந்து, தந்தையாரின் பல்லக்கு வந்தால் ஏறுவீர்களா என்று கேட்டேன்.

"ஏறமாட்டேன். எனக்கு உங்க மன்னரப் பிடிச்சிருக்கு. அவர் வந்து எதிர்ல உக்காந்து சாப்பிடட்டும். பேச வரலன்னா பரவால்ல, நான் பேசிக்கிறேன்."

இச்சொல்லைக் கேட்ட எங்கள் மன்னர், திரையை இன்றே அகற்றுக என ஆணையிட்டு, தலையை இருமுறை வாரிக்கொண்டு பகலுணவுக்குப் புறப்பட்டிருக்கிறார். ஆதலால் பல்லக்கை நிறுத்திவைக்கத் தாங்கள் திருவுளம் கொள்க.

நீர்மலை மன்னர் ஆணைப்படி, மீன்கொத்தி இலச்சினை இட்டு, அம்பலக்கூத்தன் எழுதியது.