வேலியோரத்துக் கல்

பாப்பாவின் அப்பாவுக்கு,

கொல்லிமலையில் நம் சபையார் கட்டும் ஜெபவீட்டு வேலை நன்றாக நடக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

இன்று அஸ்திவாரத்துக்குக் கல் போதவில்லை. மிளகுத் தோட்டத்து வேலியோரம் தனியாகக் கிடந்த கல்லை நான்தான் தூக்கி வந்து போட்டேன். மேலே கான்கிரீட்டும் கொட்டியாயிற்று.

மதியம் தோட்டத்துக்கார நல்லம்மாள் வந்தார். "ஏனுங்க, இங்கிருந்த கல்லப் பாத்தீங்களா? எம் புள்ளையப் பொதச்ச எடத்துக்கு அதுதானுங்க அடையாளம்."

உண்மையைச் சொன்னேன். எந்த இடத்தில் எடுத்தேன் என்று எனக்கும் சரியாகக் காட்டத் தெரியவில்லை. அவர் திட்டவில்லை. வெறுங்காலால் மண்ணை மிதித்து மிதித்துத் தேடினார். "இங்கதான் கண்ணு, இங்கதான் எங்கியோ..."

பாப்பாவுக்குக் கல் வைக்கவிடாமல் உங்களைத் தடுத்தவள் நான். கல்லறைத் தோட்டத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை. எனக்காகக் காத்திருக்காமல் நாளைக்கே வைத்துவிடுங்கள். இந்த மழைக்கு மண்மேடு கரைந்திருக்கும். இடம் உங்களுக்கு நினைவிருக்கிறதுதானே?

பாப்பாவின் அம்மா