உப்பு ஆபீசில் கௌரியின் சிஸ்டம்

புரட்டாசி 23, செவ்வாய்

காலையில் நல்ல வெயில். மதியத்துக்கு மேல் கிழக்கே மேகம். மழை இந்த வாரமே இறங்கலாம். உப்புக் குவியல்கள் இன்னும் வெட்டவெளியில்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசப் பேச இந்தப் போன் எழுதிக்கொள்கிறது. மருமகள் கௌரி பழக்கிவிட்டாள். கேட்டால் ஒரு பெண் குரலில் திருப்பிப் படிக்கும். நான் சொன்னதை யாரோ மரியாதையாகச் சொல்வதுபோல் இருக்கிறது.

சனிக்கிழமை கௌரிக்குச் சோதனை. உப்புக் கம்பெனி ஆபீசில் அவளுக்குக் கம்ப்யூட்டர் வேலை. நான் கேட் வாட்ச்மேனாக இருந்த அதே கம்பெனி. அவள் செய்த புது ஏற்பாடு சனிக்கிழமை ஓடினால் ஆபீஸ் இங்கேயே. ஓடாவிட்டால் முதலாளி பெரிய சாஃப்ட்வேர் ஒன்றை வாங்கி ஆபீசையே சென்னைக்கு மாற்றிவிடுவார். கௌரியும் போகவேண்டும்.

போனால் சரோஜாவை யார் குளிப்பாட்டுவது? என் பெண்சாதிக்கு இடுப்புக்குக் கீழே தெம்பில்லை. மகன் செத்த பிறகு கௌரி பிரம்மதேசத்தில் இருக்கிற தாய்வீட்டுக்கே போயிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். போகவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் யோசிக்க ஆரம்பித்துவிடுவாளோ என்று பயம்.

வாங்க வேண்டியது: கத்தரிக்காய், தைலம், கொசுவத்தி. புரட்டாசி, மீன் கிடையாது.

புரட்டாசி 25, வியாழன்

புழுக்கம். சரோஜா ராத்திரி தூங்கவில்லை. கால் பிடித்துவிட்டேன். "அமுக்கறியா, தடவறியா?" என்றாள். வாய்க்குத் தெம்பு வந்துவிட்டது என்று அர்த்தம்.

சாப்பிடும்போது கௌரியிடம் அது என்ன ஏற்பாடு என்று கேட்டேன். இப்போதிருப்பதற்கு ஈஆர்பி என்று பெயராம். ஆள் வருகை, எடை மேடை, கேட் சீட்டு, லாரி பில், கணக்கு எல்லாம் ஒரே மூட்டை. ஓர் இடத்தில் முடிச்சு விழுந்தால் மொத்தமும் நிற்கும்.

அது எனக்கே தெரியும். அந்தக் கம்ப்யூட்டர் வந்த அன்று அதற்கு மாலை போட்டு, கண்ணாடியில் சந்தனம் குங்குமம் வைத்தோம். அடுத்த ஐப்பசியில் ஓர் ஆளின் பெயர் இரண்டு முறை ஏறிவிட்டதென்று எல்லாம் நின்றது. சீட்டு வராமல் லாரி வெளியே போகக்கூடாது. கேட்டிலிருந்து கழுவெளி ஏரி முனை வரை லாரிகள். சாயந்திரம் மழை. கரைந்த உப்பு என் செருப்பை நனைத்துக்கொண்டு போனது. கேட்டைத் திற என்று டிரைவர்கள் என்னைத்தான் திட்டினார்கள்.

கௌரி இப்போது மூட்டையைப் பிரித்துவிட்டாள். ஒவ்வொன்றும் தனி வேலை, தனி சர்வீஸ். ஒன்றுக்கு ஒன்று தேவையானதை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

"நம்ப உப்புப் பாத்தி மாதிரி மாமா. ஒரு வரப்பு ஒடைஞ்சா அந்தப் பாத்தி தண்ணிதான் போவும்."

அப்போது பழையதைத் தூக்கிப் போட்டுவிடுவார்களா என்றேன். வேண்டாமாம். கணக்குக்கு அது நல்லதுதான், ஒரு பாத்தியாக அதுவும் இருக்கட்டும் என்றாள். பெரிய கம்பெனிகளே இப்போது துண்டு துண்டாகத்தான் விற்கிறார்களாம். இனிமேல் எதையும் மொத்தமாக வாங்கி மொத்தமாக அழவேண்டாம், கெட்டதை மட்டும் மாற்றலாம். ஆனால் ஒன்றுக்கொன்று என்ன பேசவேண்டும் என்று முதலிலேயே எழுதி வைக்கவேண்டும், அதுதான் கஷ்டம் என்றாள். சோறு பாதியோடு எழுந்துவிட்டாள்.

புரட்டாசி 27, சனி. அமாவாசை

மேகம் கறுப்பு. காற்று நின்றுவிட்டது.

நல்ல நாள் என்று முதலாளிதான் அமாவாசையைக் குறித்தார். எல்லோரும் தலையாட்டினோம், நானும்தான். அமாவாசை என்றால் உப்பு வாருகிற பெண்களில் பாதிப் பேர் மேல்மலையனூர் அம்மன் ஊஞ்சலுக்குப் போய்விடுவார்கள் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. போகிறவள் தங்கச்சியையோ ஓரகத்தியையோ மாற்றாளாக அனுப்புவாள். காலங்காலமாக அப்படித்தான். கூலி பெயருக்குரியவளுக்கு, வேலை வந்தவளுக்கு. பிறகு அவர்களுக்குள் சரிக்கட்டிக்கொள்வார்கள்.

காலையில் நான் கேட் பக்கத்து டீக்கடையில். வருகைக்கு முகம் பார்க்கிற மிஷின். மாற்றாட்கள் வரிசையாக நின்றார்கள். ஒரு முகத்தையும் அது ஏற்கவில்லை. சிவப்பு, மறுபடி சிவப்பு. பிறகு மிஷினே உறைந்துவிட்டது. சோதனை பார்க்கச் சென்னையிலிருந்து வந்த பையன் சட்டைக் கையால் வியர்வை துடைத்தான். ஓரகத்திக்காக வந்த அஞ்சலை இடுப்பில் கைவைத்தாள்.

"ஏம்மா கௌரி, நான் அவ இல்லன்னு இதுக்குத் தெரியுது. அவ வேலைய நான் செய்யறன்னு தெரியலியா?"

எல்லோரும் சிரித்தார்கள். கௌரி சிரிக்கவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்தேன். சரோஜாவின் வெந்நீர் அண்டாதான் கண் முன்னால். தூக்கி இறக்க என்னால் ஆகாது.

முதலாளி யாரையும் பார்க்கவில்லை. எடை மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் லாரி ஏறியது. எடை விழுந்தது. சீட்டு வந்தது. கேட் திறந்தது. அடுத்த லாரி. அதற்கும் சீட்டு. வருகை செத்துக் கிடக்க, மற்றதெல்லாம் தன்பாட்டுக்கு ஓடுகிறது.

கௌரி ஒரு தாளில் மாற்றாட்கள் பெயரை எழுதி உள்ளே அனுப்பினாள். அஞ்சலை போகும்போது அந்தத் தாளைக் காட்டி, "இந்த மிஷினு நல்ல மிஷினு" என்றாள்.

இருட்டுவதற்குள் கடைசி லாரியும் போயிற்று. சாமி, உனக்கும் நன்றி, மேகத்துக்கும் நன்றி.

புரட்டாசி 28, ஞாயிறு

விடியும்போதே மழை. பாத்தியெல்லாம் ஒரே தண்ணீர். தார்ப்பாய் மூடிய இரண்டு குவியல்தான் பாக்கி. கேட்டில் ஒரு லாரிகூட இல்லை. இதுவரை நான் பார்க்காத காட்சி.

கௌரி வீட்டிலிருந்தே வருகையை மட்டும் திறந்து திருத்தினாள். வந்தவள் யார், யாருக்காக வந்தாள் என்று இரண்டையும் இனி கேட்குமாம். மற்ற சர்வீஸ் எதையும் தொடவில்லையாம். சரோஜாவுக்குத் தலை துவட்டிக்கொண்டே இதைச் சொன்னாள்.

புரட்டாசி 30, செவ்வாய்

மழை விட்டது. வீடெல்லாம் ஈரத் துணி நாற்றம்.

முதலாளி அந்தப் பெரிய சாஃப்ட்வேரை வாங்கவில்லை. ஆபீஸ் மாறவில்லை. சென்னைப் பையன் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு போனான்.

சாயந்திரம் கௌரி கொல்லையில் அவள் அம்மாவோடு போனில். நான் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஆபீஸ் சென்னைக்குப் போயிருந்தாலும் நான் போயிருக்க மாட்டம்மா. இங்கயே வேற வேல பாத்திருப்பேன். அத்தைய யாரு பாத்துப்பா? மாமா வெந்நீர் வெச்சா அடுப்பயே கவுத்துடுவாரு."

துணியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு இருமிவிட்டு உள்ளே வந்தேன்.

நாளைக்கு அண்டாவுக்குப் பதில் சின்னக் குண்டானில் வைத்துப் பார்க்கவேண்டும். இரண்டு தடவையாக ஊற்றினால் போயிற்று. கௌரி எழுந்திருப்பதற்கு முன்னால்.